வயிறில்லாத பானைகள்

கஃபர் தீன்
27 நவம்பர் 1994

அம்மான் நகரின் பேரறிஞரும், மண்ணுக்கு மேல் நின்றபடியே மண்ணுக்குள் பார்க்கும் கண்ணுடையவரும், என் அக்காள் மகளுமாகிய ருவைதாவின் திருச்சமுகத்துக்கு, ஒரு கழுதைக்கும் சில ஒலிவ மரங்களுக்கும் சக்கரவர்த்தியாகிய உன் ஷிஹாதா மாமன் எழுதுவது.

உன் ஆபீசுக்குப் போன் செய்திருப்பேன். ஆனால் ஊருக்கு இருக்கிற ஒரே போன் மர்ஸூக் கடையில், எண்ணெய் டின்னுக்கும் சோப்புக் கட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நான் "ஹலோ" என்றால் கடையில் நிற்பவர்கள் சாமான் கேட்பதை நிறுத்தி, மூச்சையும் நிறுத்தி, காதை மட்டும் நீட்டிக்கொள்கிறார்கள். ஆகவே மினிபஸ் ஹாபிஸ் கையில் கடிதம். அவன் பிரித்துப் பார்த்தாலும் கவலையில்லை. என் கையெழுத்தைப் படிக்க உன்னைத் தவிர ஒருவரும் இன்னும் பிறக்கவில்லை.

நேற்று கல்குவாரிக் கம்பெனியின் இஞ்சினியர் வஸ்ஃபி வந்தான். நம் விருந்தறையில் காலை நீட்டி உட்கார்ந்து, தரையில் ஒரு வரைபடத்தை விரித்தான். நம் ராஸ் பைதா மலை முழுசாக ஒரு கட்டத்துக்குள் கிடந்தது, பொரிக்கக் காத்திருக்கிற கோழி மாதிரி.

"ஹாஜி, வெடி வைக்கிறது மேல. உங்க ஊத்து கீழ. ஒண்ணும் ஆகாது" என்றான்.

"பக்கத்துப் பள்ளத்தாக்குலயும் இதையேதான் சொன்னாங்க. இப்ப அங்க தவளைகூட டேங்கர் லாரி எப்ப வரும்னு ரோட்டப் பாத்து உக்காந்திருக்கு."

"அது வேற கம்பெனி, ஹாஜி."

"தவளையும் வேறயா?"

அவன் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "மத்த அனுமதி எல்லாம் வந்தாச்சு. தொல்லியல் அறிக்கை ஒண்ணுதான் பாக்கி. மலைல பழசா ஒண்ணும் இல்லேன்னு உங்க அக்கா பொண்ணு எழுதிட்டா, மறுவாரம் மெஷின் ஏறும்."

ருவைதா, அந்த ஊற்றில்தான் உன் அம்மாவும் நானும் குளித்து வளர்ந்தோம். மலையைப் பிளந்தால் அது போய்விடும். அடுத்த வாரம் நீ மலைமேல் ஏறும்போது நன்றாகக் குனிந்து பார். சாலமன் ராஜா அங்கே ஒருமுறையாவது தும்மியிருக்க மாட்டாரா? ஒரு செருப்பு வார், ஒரு பல், எது கிடைத்தாலும் போதும்.

உன் மாமன்,
ஷிஹாதா


அம்மான்
1 டிசம்பர் 1994

அன்புள்ள மாமா,

இப்படியெல்லாம் தயவுசெய்து எழுதாதீர்கள். கஃபர் தீன் என் அம்மாவின் ஊர் என்று ஆபீசில் முதல் நாளே சொல்லிவிட்டேன். வேறு ஆள் இல்லாததால் என்னையே அனுப்பினார்கள். கம்பெனிக்கும் இது தெரியும். வஸ்ஃபி சிரித்தது சும்மா இல்லை. நான் தடுக்கி விழுவதற்காகக் காத்திருக்கிறான்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். திட்டம் வரப்போகும் நிலத்தில் வரிசையாக நடக்கிறோம். காலடியில் உடைந்த பானை ஓடு, சுவர்க்கல், குகை, கல்லறை எது தென்பட்டாலும் குறித்துக்கொள்கிறோம். எழுத வேண்டியது இருப்பதை. இருக்க வேண்டியதை அல்ல. ஊற்றைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்பதும், என்ன எழுதினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கும் அதில் தூக்கம் இல்லை. ஆனால் பேனா என் கையில் இருப்பதால் மலைக்குப் பழமை வந்துவிடாது.

ஒரு விஷயம். குவாரியிலிருந்து லாரி இறங்கும் பாதைக்காகப் போன வாரம் கீழ்த் தோட்டங்களில் நடந்தோமே, உங்கள் தோட்டத்துக்குள் மட்டும் நான் இறங்கவில்லை. மைசூர்ப்பருப்பு அப்போதுதான் முளைத்து நின்றது. மாமாவின் பயிரை மிதிக்க மனம் வரவில்லை. "பயிரிட்ட நிலம், எதுவும் இல்லை என்று உரிமையாளர் சொன்னார்" என்று எழுதிக்கொண்டு அடுத்த வேலிக்குப் போய்விட்டேன். நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது. அங்கே எதுவும் இல்லைதானே?

ருவைதா


கஃபர் தீன்
14 டிசம்பர் 1994

மலையை வென்று திரும்பிய மாவீராங்கனைக்கு,

ஊர் ஆடிக்கொண்டிருக்கிறது. நீ ராஸ் பைதாவிலிருந்து பை பையாக ஓடு சுமந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் ஒருவருக்கு ஒன்பது பேராகப் பெருகிவிட்டார்கள். மர்ஸூக் கணக்குப்படி நீ கண்டெடுத்தது ரோமாபுரியின் இரண்டாவது தலைநகரம். நாவிதன் கணக்குப்படி அதற்கும் மூத்தது, நூஹ் நபி கப்பலில் ஏறுமுன் சமையல் பாத்திரங்களை விட்டுப்போன இடம். நான் அடக்கமானவன். ஒரு சிறிய சாம்ராஜ்யம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வஸ்ஃபி நேற்று வந்தான். இந்தத் தடவை காலை நீட்டவில்லை.

"ஹாஜி, ஆறு மாசம் முன்னாடி நானே அந்த மலையில ஏறினேன். ஒரு ஓடுகூட இல்ல."

"நீ மேல பாத்து நடக்கிற ஆளு தம்பி. லாரிக்குப் பாதை தேடுற கண்ணுக்கு ஓடு தெரியுமா?"

"கம்பெனி இன்னொரு நிபுணரைக் கூட்டிட்டு வருது. அவரு பாக்கட்டும்."

வரட்டும். வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும்.

என் தோட்டத்தைக் கேட்டிருந்தாய். என் வழுக்கையில் எத்தனை முடியோ, என் தோட்டத்தில் அத்தனை ஓடு. அங்கே என் மகன் காயித்துக்கு வீடு கட்டக் கல் நட்டு அளந்து வைத்திருக்கிறேன். வீடு எழும்பினால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று அவன் வருங்கால மாமனார் இரண்டு வருஷமாகப் பிடிவாதமாக நிற்கிறார். அந்த நிலத்தை நிம்மதியாக விடு. உன் அறிக்கை மலையோடு நிற்கட்டும்.

வெற்றிக் களிப்புடன்,
மாமன்


அம்மான்
19 டிசம்பர் 1994

மாமா,

பைகளைக் கழுவி மேஜையில் பரப்பியிருக்கிறேன். இரண்டு நாளாக அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாமே விளிம்பு. எல்லாமே கைப்பிடி. இல்லாவிட்டால் அடிப்பாகம். ஒரு பானை உடைந்தால் வாயும் காதும் கொஞ்சம்தான் கிடைக்கும். மீதி அத்தனையும் வயிற்றுத் துண்டுகள், கோடில்லாத, உருவமில்லாத, யாரும் திரும்பிப் பார்க்காத ஓடுகள். எந்தப் பழைய இடத்தில் நடந்தாலும் காலில் மிதிபடுவது அவைதான். ராஸ் பைதாவில் ஒன்றுகூட இல்லை. அந்த மலையில் வாழ்ந்தவர்கள் வாயும் காதும் மட்டும் உள்ள, வயிறே இல்லாத பானைகளில் சமைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. மலை மண் வெள்ளைச் சுண்ணாம்பு. இந்த ஓடுகளின் வெடிப்புகளில் ஒட்டியிருக்கும் மண் சிவப்பு.

யாரோ இவற்றைப் பொறுக்கி எடுத்து மேலே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். கம்பெனியின் நிபுணர் இதைப் பார்க்க எனக்கு ஆனதில் பாதி நேரம்கூட ஆகாது. பார்த்ததும் அவர் ஊர்க்காரர்களைச் சந்தேகப்பட மாட்டார். என் மாமா வீட்டையும் என் கையையும் சேர்த்துப் பார்ப்பார். அதன்பிறகு மலையில் குவாரி வரும். இதுவரை நான் எழுதிய அறிக்கைகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து, இந்தப் பெண் எழுதியது எதுவுமே செல்லாது என்பார்கள். அவற்றை நம்பி இன்று வேலி போட்டு வைத்திருக்கிற இடங்கள் பல.

யார் என்று கேட்க மாட்டேன். நீங்களே சொல்லுங்கள்.

ருவைதா


கஃபர் தீன்
22 டிசம்பர் 1994

ருவைதா,

பட்டங்கள் இல்லாமல் ஆரம்பிக்கிறேன். கோபத்தில் இருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்: வேலை சுத்தம். அபூ ரிஸ்க் மகன் கல்யாணத்தன்று ஊர் முழுவதும் மன்ஸஃப் தட்டைச் சுற்றி முழங்கை வரை நெய்யும் தயிருமாக நின்றிருந்த மதிய வேளை. உலக வரலாற்றில் முதல்முறையாக நான் ஒரு ஆட்டுக்கறி விருந்தைத் துறந்தேன். கழுதைமேல் இரண்டு கூடை. மேலே சுள்ளி. ஒரு ஈ பார்க்கவில்லை. நீ பார்த்துவிட்டாய். உன்னைப் படிக்கவைக்கச் சொல்லி உன் அப்பாவிடம் சண்டை போட்டவன் நான்தான், அதற்கு எனக்கு இது வேண்டும்.

விளிம்பும் காதும் மட்டும் ஏன் என்கிறாய். நான் வாலிபத்தில் இரண்டு கோடை வெளிநாட்டுப் பேராசிரியரின் தோண்டலில் ஓடு கழுவினேன். ஓடு கழுவும் பல்கலைக்கழகத்தில் என்னைவிடப் பெரிய பட்டதாரி இந்த நாட்டில் கிடையாது. அங்கே அவர் விளிம்பையும் கைப்பிடியையும் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைப்பார். வயிற்றுத் துண்டுகளைக் கூடை கூடையாக ஓடையில் கொட்டச் சொல்வார். இந்த ஊரில் எந்தக் கிழவனைக் கேட்டாலும் சொல்வான்: வாயும் காதும் பொக்கிஷம், வயிறு குப்பை. பொக்கிஷத்தைக் கொடுத்தேன். குப்பை எங்கே என்று கேட்கிறாய்.

சரி, செய்தேன். அதனால் என்ன? அவர்கள் மலையைக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள், நான் இரண்டு கூடை ஓடுகளை இடம் மாற்றினேன். எது பெரிய பொய்? ஊற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று கையெழுத்துப் போட்டவனை ஒருவரும் மேஜையில் பரப்பிப் பார்க்கவில்லையே. நீ இரண்டு வரி எழுதினால் ஊருக்குத் தண்ணீர். உன் பெயர் அந்தத் தண்ணீரைவிட உசத்தியா?

ஓடு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்காதே. காற்று கொண்டுவந்தது என்று வைத்துக்கொள்.

ஷிஹாதா


அம்மான்
26 டிசம்பர் 1994

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு, மன்ஸஃபைத் துறந்ததாக எழுதிய இடத்தில் சிரித்தும்விட்டேன். அதனால் இன்னும் கோபம் வருகிறது.

பேராசிரியர் வயிற்றுத் துண்டுகளை எறிந்தார், உண்மை. ஆனால் எறிவதற்கு முன்னால் எண்ணிக் குறித்துக்கொண்டார். நீங்கள் ஓடு கழுவும் தொட்டியடியில் இருந்தீர்கள். எண்ணியது கூடாரத்துக்குள் நடந்தது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். மலையில் கிடந்த ஓடுகள் வேறு இடத்திலிருந்து கையால் கொண்டுவந்து போடப்பட்டவை என்று நான் எழுதப்போகிறேன். அதை மாற்ற மாட்டேன். அந்த வரியோடு மட்டும் அறிக்கை போனால் மலை அவர்களுக்கு.

ஆனால் ஓடுகள் பொய் சொல்லவில்லை, மாமா. அவை நிஜமானவை. பைசாந்தியக் காலத்தவை பல, அதற்கும் முந்தியவை சில. அவ்வளவு விளிம்பு பொறுக்க வேண்டுமென்றால் அந்த நிலத்தில் ஓடு மணலைப்போலக் கிடந்திருக்க வேண்டும். கழுதையோடு ஒரு விருந்து முடிவதற்குள் போய்வரக்கூடிய தூரத்தில், சிவப்பு மண் உள்ள நிலம், நான் நடக்காத நிலம் ஒன்றே ஒன்றுதான்.

லாரிப் பாதை உங்கள் தோட்டத்தைக் கடந்துதான் மலைக்கு ஏற முடியும். மறுபக்கம் செங்குத்துப் பாறை, வஸ்ஃபியே வரைபடத்தில் ஒதுக்கிவிட்டான். தோட்டத்தில் பழைய ஊர் ஒன்று புதைந்திருந்தால் பாதை வராது. பாதை இல்லாமல் குவாரி இல்லை. மலையைக் காப்பாற்றுவது மலையில் இல்லை. உங்கள் பருப்புக்குக் கீழே இருக்கிறது. அதை வெளிக்காட்டாமல் மலையைக் காக்கத்தான் ஓடுகளை மேலே சுமந்தீர்கள்.

என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். இரும்புப் பலகை நடுவார்கள். ஆழமாக உழவிட மாட்டார்கள். அஸ்திவாரம் தோண்டவிட மாட்டார்கள். நிலத்துக்கு மாற்று கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். காயித் வீடு அங்கே வராது. ஓடுகளை இடம் மாற்றியதற்காக உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், பேசிப் பார்க்கிறேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

"எதுவும் இல்லை என்று உரிமையாளர் சொன்னார்" என்ற வரியை எப்படியும் அடித்துவிடுவேன். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்பது உங்கள் வாயில் இருக்கிறது. நீங்கள் வேலியைத் திறக்காவிட்டால், நடக்கவில்லை என்று எழுதுவேன். போலீசோடு வரமாட்டேன். கம்பெனியின் நிபுணர் எட்டாம் தேதி வருகிறார்.

ருவைதா


கஃபர் தீன்
2 ஜனவரி 1995

ருவைதா,

உன் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். போர்முனையில் பீரங்கிகூட அவ்வளவு சத்தம் போட்டிருக்காது.

காயித் எழுந்து நின்றான். "நீங்க வெச்ச ஓட்டுக்கு நான் என் வீட்டக் குடுக்கணுமா அப்பா?"

"இன்னும் யாரும் எதையும் குடுக்கலடா. பேசிக்கிட்டுதான இருக்கோம்."

"பேச என்ன இருக்கு? அந்த நெலத்துல ஓடு இருக்குன்னு எனக்குக் கூடத் தெரியாது. நீங்க வேலியோரமா பொறுக்கிப் போட்டுக் குவிச்சு மூடி வெச்சத வெறும் கல்லுன்னுதான நெனச்சேன். சொந்தப் புள்ளைக்கும் மறைச்சிருக்கீங்க."

"ஒனக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா சர்க்கார் வேலி வரும்."

"குவாரி வரட்டும். பாதைக்கு எடத்த வித்துட்டு வேற எங்கயாவது கட்டிக்கறேன்."

உன் அத்தை அதுவரை பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள். "ஊத்து வத்திப்போச்சுன்னா அந்த வீட்டுக்கு எதை ஊத்திடா சாந்து குழைப்ப?"

"டேங்கர் வரும்மா."

"அப்ப டேங்கர்காரன் மகளையே கட்டிக்க. ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும்."

நான் சிரித்தேன். காயித் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. மர்ஸூக் கடையில் படுத்திருந்தானாம். ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லையாம். அந்தக் கடையில் படுத்துக்கொண்டு ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவது என்னால்கூட முடியாத காரியம்.

இதற்குமேல் அலங்காரமாக எழுத எனக்கு வரவில்லை. முதல் தடவையாக மூன்று காகிதம் கிழித்தேன். எழுதிக்கொள்: மலையில் இருந்த ஓடு என் தோட்டத்து ஓடு. போட்டவன் நான். ருவைதாவுக்குத் தெரியாது.

எட்டாம் தேதி நீயும் வா, அந்த நிபுணரும் வரட்டும், வஸ்ஃபியும் வரட்டும். வேலி திறந்திருக்கும். பருப்பை மிதியுங்கள். வேலியோரக் குவியலையும் பிரித்துப் பாருங்கள்.

ஆனால் வீட்டுக்குள் கூப்பிட மாட்டேன். காப்பி கிடையாது. என் வாசலில் நிற்பவனுக்குக் காப்பி இல்லை என்று நான் சொல்வேன் என்று இந்த ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், நானே நம்பவில்லை. இருந்தாலும் அன்றைக்கு அடுப்பு எரியாது. மாமா வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு அறிக்கை எழுதினாள் என்று ஒருவன் சொல்லிவிடக் கூடாது. உன் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. வெட்கத்தில் அன்றைக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிறாளாம்.

தண்ணீர் வேண்டுமானால் ஊற்றில் குடித்துக்கொள். அது என்னுடையது இல்லை.

ஷிஹாதா


அம்மான்
19 ஜனவரி 1995

அன்புள்ள மாமா,

அன்றைக்கு உங்களோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். நீங்கள் வேலியில் சாய்ந்து நின்ற விதத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால் பேசியிருப்பேன். அதனால்தான் பார்க்கவில்லை.

நிபுணர் குனிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் வரிசையிலேயே எழுந்து நின்று, "வயித்துத் துண்டா கெடக்கே" என்றார். நல்ல விளிம்பாக ஒன்று கிடைக்காதா என்று தேடிக்கொண்டே நடந்தார். பருப்புக்கு நடுவே ஒரு சுவரின் மேல்வரிசை தெரிந்தபோது வஸ்ஃபி வரைபடத்தைச் சுருட்டிவிட்டான். இரண்டு அறிக்கையும் ஒன்றையே சொல்கின்றன. பாதைக்கு அனுமதி இல்லை. கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது என்று நேற்று தகவல் வந்தது.

நல்ல செய்தி இவ்வளவுதான். உங்களுக்கு அழைப்பாணை வரும். நான் எழுதியதன் பேரில் வரும். உங்கள் தோட்டத்தில் நடக்காமலே நடந்ததுபோல் எழுதிய வரியையும் அறிக்கையில் சொல்லிவிட்டேன். அடுத்த திட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இன்னும் வேறு எதிலும் சேர்க்கவில்லை. சேர்ப்பார்களா என்று கேட்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. பதிவு செய்யும் ஒவ்வொரு இடத்துக்கும் அந்த ஊரார் சொல்லும் பெயரைத்தான் போட வேண்டும். கிர்பத், அதாவது இடிபாடு, என்று ஆரம்பித்து, அதற்குப் பின்னால் பெயர். உங்கள் தோட்டத்துக்கு வரைபடத்தில் வெறும் எண்தான் இருக்கிறது. அதை ஊரில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?

ருவைதா


கஃபர் தீன்
23 ஜனவரி 1995

ருவைதா,

அழைப்பாணை வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். என்னைப் போன்ற ஒரு குற்றவாளியை அவர்கள் இதுவரை பார்த்திருக்க மாட்டார்கள், நாற்காலி போடச் சொல்வார்கள் என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவள் கோட்டின் பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள்.

பெயர் கேட்டிருந்தாய். இரண்டு நாள் யோசித்தேன். ஜஸ்டினியன் அரண்மனை, பேரரசன் ஷிஹாதாவின் இழந்த தலைநகரம், எல்லாம் தோன்றியது. எதுவும் ஊரார் சொல்வது இல்லை. ஊரார் சொல்வது ஒன்றே ஒன்றுதான். காயித் பிறந்த அன்றைக்கு அந்த நிலத்தைக் கைகாட்டி, இது இவன் வீடு என்று நான் கத்தினேன். அன்றிலிருந்து ஊருக்கு அது "காயித் வீடு". கல் ஒன்றுகூட எழும்பாத இடத்தை, காயித் வீட்டுல ஆடு மேயுது, காயித் வீட்டுப் பக்கம் மழை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அதை எப்படி எழுதச் சொல்வது? முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தவனிடம் போய், அறிக்கைக்குப் பெயர் கேட்கிறார்கள் என்றேன். வேறு ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னேன்.

துண்டால் முகத்தைத் துடைத்து முடித்தான். பிறகு சொன்னான். "வேற பேரு எதுக்கு? ஊருல என்ன சொல்றாங்களோ அதையே எழுதச் சொல்லுங்க. கிர்பத் காயித். வீடு கட்டுறதுக்கு முன்னாடியே என் பேர்ல இடிபாடு இருக்கு. எத்தன பேருக்குக் கெடைக்கும்?"

சிரிக்கலாமா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. வாளிகளை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினான். திரும்பி ஏறி வரும்போது இரண்டும் தளும்பிக்கொண்டிருந்தன. என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டான்.

பெயர் அதுதான். எழுதிக்கொள்.

உன் மாமன்